ட்ரெய்லருக்காக ஒருநாள் செத்துப்போனேன்

வீடியோ கேம் செய்வதுகூடச் சுலபம். ஒரு மீனவக் குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் வீடியோ கேம் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் மரியாதையோடு நடமாடுவதுதான் கஷ்டம். எங்கள் குப்பத்தில் என்னை யாரும் வேலைவெட்டி இல்லாதவள் என்று திட்டவில்லை. "பாவம், எந்நேரமும் பொட்டி முன்னாடியே குந்திக்கினு கீது" என்று பரிதாபப்பட்டார்கள். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது. சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை உதறித் தள்ளிவிட்டு (அவர்கள் என்னை உதறித் தள்ளுவதற்கு ஒரு வாரம் முன்னால்) ஊருக்கு வந்து, தனி ஆளாக ஒரு சாகச கேம் செய்ய ஆரம்பித்தேன். கதை இதுதான்: ஏரியில் மீன்பிடிக்கப் போன அப்பாவின் படகு ஒருநாள் காலியாக மிதந்து வருகிறது. ஆளைக் காணோம். மகள் தேடிக் கிளம்புகிறாள். தீவு, புதிர், சகதி, மர்மம், எல்லாம் உண்டு.

கதையை நைனாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்கு என்னைச் சாவடிச்சே?" என்றார்.

"அது நீ இல்ல நைனா. கதையில வர்ற நைனா."

"படகு என்னுது. பச்சை பெயிண்டு. லுங்கிகூட என்னுது. ஆள் மட்டும் வேறயா?"

இணையத்தில் நடக்கும் ஒரு கேம் கண்காட்சிக்கு ட்ரெய்லர் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தேர்வானால் உலகம் முழுக்க ஆட்கள் பார்ப்பார்கள். ஆகாவிட்டால்? அதற்கு நைனா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பொன்னேரியில் ஒரு ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. "அந்த ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருக்குதா நைனா?" என்று கேட்டேன். "மொதல்ல டீச்சர் சேரட்டும், அப்புறமா வாங்கிக்குவாங்களாம்" என்றார். ஆக, அந்த ட்ரெய்லர்தான் எனக்கும் அந்தக் கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் வகுப்புக்கும் நடுவே நின்ற ஒரே சுவர்.

சுவர் ரொம்ப பலவீனமாக இருந்தது. நான் வரைந்த ஏரி, பாத்திரம் கழுவிக் கொட்டிய தண்ணீர் மாதிரி இருந்தது. என்னோடு காலேஜில் படித்து, இப்போது பழவேற்காட்டில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் தௌபிக்கிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "வினோ, மொதல் ஷாட்டு மட்டும் நெஜமா எடுப்போம். நெஜ ஏரி, நெஜ படகு. அதுக்கப்புறம் உன் பொம்மையெல்லாம் வரட்டும். மொதல் ஷாட்டுலயே பாக்கறவன் கவுந்துடணும்" என்றான்.

ட்ரோன் வைத்து எடுக்கலாமா என்று கேட்டேன். "பக்கத்துலதான் ராக்கெட்டு விடறாங்க. ட்ரோன் விட்டா உன்னையும் என்னையும் அதுலயே கட்டி விட்டுடுவாங்க" என்றான். அதனால் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அவன் கேமராவோடு நிற்பது என்று முடிவானது. மாப்பிள்ளையின் சித்தப்பா மூஞ்சியைச் சுளிப்பதைப் பந்தலின் அந்தக் கோடியிலிருந்தே பிடிக்கிற லென்ஸ் அவனிடம் இருந்தது.

படகு எப்போது சும்மா கிடைக்கும்? எங்கள் ஊரின் பாடு நாளில். ஏரியில் நல்ல இறால் விழுகிற இடங்களில் ஆளாளுக்கு வலை போட்டால் அடிதடிதான் நடக்கும். அதனால் ஊருக்கு ஊர் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பேர்தான் பாடு. நம் பாடு வருகிற அன்று நாம்தான் ராஜா. அதைக் கோட்டை விட்டால், அடுத்த முறை வரும்வரை மற்றவன் வலையில் இறால் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கலாம். அன்றைக்கு நைனா பங்காளிகளோடு பெரிய படகில் போய்விடுவார். அவருடைய பச்சைப் படகு கரையில் கிடக்கும்.

பாடு நாள் காலையில் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில் நங்கூரத்தை நீளக் கயிற்றில் போட்டுவிட்டு, படகுக்குள் மல்லாந்து படுத்து, மேலே பழைய வலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாடியிலிருந்து பார்த்தால் காலிப் படகு. தண்ணீர் சளசளப்பதைப் பதிவு செய்ய போனை மார்மேல் வைத்தேன். நடுவே யாரும் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது என்று ஃப்ளைட் மோடில் போட்டேன். (அந்தப் பட்டனை அமுக்கிய விரலை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.)

படுப்பதற்கு முன்னால் தௌபிக் மாடியிலிருந்து கத்தினான்: "கலர் கம்மியா கீது!" உடனே என் சிவப்பு துப்பட்டாவை எடுத்துக் கழியில் உயரக் கட்டினேன். அழகாகப் பறந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் படகில் கழி உயர்த்தித் துணி கட்டினால் ஆபத்து, ஓடி வாருங்கள் என்று அர்த்தம். படகு காலியாக இருந்து துணியும் பறந்தால் அதற்கு மேல் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் ஆளைக் காணவில்லை என்றால், யார் பாடாக இருந்தாலும் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இது எங்கள் ஊரில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு, பச்சைக்கு எடுப்பாக இருக்கும் என்பது மட்டும்தான்.

வெயில் இதமாக இருந்தது. படகு தாலாட்டியது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுப்பியது மோட்டார் சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் எல்லாப் பக்கமிருந்தும். 'அட சனியன்களா, சவுண்டைக் கெடுக்கறானுங்களே' என்று பல்லைக் கடித்தேன். கரையில் ஆட்கள் கத்துவது கேட்டது. 'பரவாயில்லையே, ஷூட்டிங் பார்க்கக் கூட்டம் கூடிடுச்சு' என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தௌபிக் விசிலடிக்கும்வரை அசையக் கூடாது என்று பேச்சு. அவன் விசிலடிக்கவில்லை. (அவன் அப்போது படிக்கட்டில் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தான். கேமரா மட்டும் மேலே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.)

அப்புறம் அந்தக் குரல் வந்தது. காசியம்மா அத்தை. நைனாவின் அக்கா. ஒப்பாரிக்கு அத்தையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏரிக்கு நடுவே இருக்கிற பசியாவரத்திலிருந்துகூடப் படகு அனுப்பிக் கூட்டிப் போவார்கள். கரையில் இறாலுக்காகக் கூடையோடு நின்றிருந்தவள் தண்ணீரில் இறங்கி அழுதுகொண்டே நடந்து வருகிறாள். 'ஐயோ, யாரோ போய்ட்டாங்க போல' என்று எனக்கும் மனசு கனத்தது.

"பொட்டி முன்ன குந்திக்கினு
பொம்மை செஞ்ச பூங்கிளியே!
பொட்டியத்தான் மூடலியே
போன எடம் சொல்லலியே!"

அடடா, யாரோ நம்மைப் போலவே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண்ணாம். எந்த ஊராக இருக்கும்?

"வந்த வரன் அத்தனையும்
வாணாம்னு தள்ளினியே!
முப்பது வயசாயும்
முடிச்சேற மறுத்தியே!"

(இருபத்தேழு. செத்தவளின் வயசையாவது குறைத்துச் சொல்லக் கூடாதா?)

அத்தை எப்போதும் என் வயசை முப்பது என்றுதான் சொல்வாள். அந்த 'முப்பது'தான், அழுகை எனக்குத்தான் என்று உறைக்க வைத்தது. அதே நேரம் அத்தையின் இரண்டு கைகளும் படகின் விளிம்பைப் பிடித்துக் குலுக்கின. நான் பதறிப்போய் வலையோடு எழுந்து உட்கார்ந்தேன்.

அத்தை அலறிய அலறலில் பக்கத்துப் படகில் நின்றவர் பொத்தென்று தண்ணீரில் விழுந்தார். இரண்டாவது நொடி அத்தை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் மறுபடியும் அடித்தாள். "பாவி! உசுரோடயா இருக்கே? இன்னாடி பண்ணிக்கினு இருந்தே உள்ள?"

"ட்ரெய்லர் அத்தை..."

சுற்றிலும் பார்த்தேன். முகத்துவாரம் பக்கம் கழி பாதி ஊன்றியும் ஊன்றாமலும் வலைகள் அநாதையாக மிதந்தன. ஊரே தன் பாடு முறையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றது. நைனா தண்ணீரில் நடந்து வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தலையிலிருந்து வலையை மெதுவாக எடுத்துப் போட்டுவிட்டு, "படம் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு மனுஷனையா கதையில் சாகடித்தேன் என்று அன்றைக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். போன பாடு போனதுதான், யாரும் திருப்பித் தர மாட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே கருவாடாகிவிட்டேன். ஊர்த்தலைவர், "ஊரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு அப்படி இன்னாம்மா எடுத்தே? காட்டு, பாப்போம்" என்றார்.

சமுதாயக்கூடத்து டிவியில் போட்டோம். காலிப் படகு. சிவப்புத் துணி. முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தூரத்தில் ஒரு படகு திரும்பியது. அடுத்தது. ஏரி முழுக்க இருந்த படகுகள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பி, நுரை கிளப்பிக்கொண்டு அந்தக் காலிப் படகை நோக்கி வந்தன. போனில் பதிவான அத்தையின் குரலைத் தௌபிக் அதன்மேல் போட்டிருந்தான். இவ்வளவு பேரும் எனக்காக வந்தவர்கள்.

படம் முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "மொதல்ல வந்தது என் படகுதான்."

"அய்ய, உன் படகு அந்த வலைக் கழியைத் தாண்டவேயில்ல!"

"திருப்பிப் போடும்மா, பாத்துரலாம்!"

திருப்பிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். அபராதம் பற்றிப் பேச வந்த கூட்டம், யார் முதலில் வந்தது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. இனி பயமில்லை, நாளைக்கு அனுப்பிவிடலாம் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது காசியம்மா அத்தை எழுந்தாள்.

"என் கொரல அழி. உசுரோட இருக்கறவளுக்கு அழுத அழுகைய வீட்டுல வெச்சிக்கக் கூடாது."

அந்தக் குரல் இல்லாவிட்டால் அது வெறும் படகு வீடியோ. அனுப்ப மறுநாள் சாயங்காலம்தான் கடைசி. கெஞ்சினேன். தலைவர், "கொரலு அதோடது. அது சொன்னா சரிதான்" என்று கைகழுவிவிட்டார். அத்தை கிளம்பினாள். வாசல்வரை போனவள் நின்று, "இன்னொரு தபா போடு" என்றாள். போட்டேன். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"இந்த எடத்துல கரகரங்குது. ஈரத்துல நின்னேன் இல்ல? தெனம் இப்பிடியா அழுவேன் நான்? வெளிநாட்டுக்காரன் கேட்டா இன்னா நெனைப்பான்? காலையில புதுசா அழுது தர்றேன். அத வெச்சிக்க, இத அழி."

மறுநாள் அத்தை பட்டுப்புடவையில் வந்தாள். சுக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். நான் போய்ப் படகில் படுத்தேன். அத்தை விளிம்பைப் பிடித்து, "பொட்டி முன்ன..." என்று ஆரம்பித்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வலையை மூடச் சொன்னாள். மூடினேன். வலைக்குள் நான் தும்மினேன். கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்தாள். ராகம் வந்தது. வார்த்தையும் வந்தது. ஆனால் ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

கடைசியில் பட்டுப்புடவை நனைய நின்றுகொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். முந்தின நாள் அறைந்த அதே கன்னம்.

"வரலடி கண்ணு. நேத்து நீ பூட்டேன்னு நெனச்சேன், தானா வந்துச்சு. இன்னிக்கி எதிர்ல குத்துக்கல்லாட்டம் கீறே, எப்பிடி வரும்? அதையே அனுப்பித் தொலை."

அனுப்பினேன். தேர்வானது. கண்காட்சியில் பார்த்தவர்கள் என் கதையைப் பற்றியோ புதிர்களைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராப்பகலாக வரைந்த ஏரியை எவரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பாட்டு பாடிய அம்மா யார், அவரை எங்கே பிடித்தாய், கேம் முழுக்க அவர் பாடுகிறாரா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை நம்பித்தான் கேமை முடித்தேன். பரவாயில்லாமல் விற்றது. நைனா பொன்னேரி ஸ்கூல் பேச்சை விட்டுவிட்டார். கேமின் முடிவில் அப்பா உயிரோடு திரும்பி வருகிற மாதிரி மாற்றியிருந்தேன். லுங்கியையும் மாற்றிவிட்டேன்.

அத்தை மட்டும் மாறவில்லை. நான் சென்னைக்குக் கிளம்பினால், பஸ் ஏறினால், படகில் ஓரமாக உட்கார்ந்தால், ஒரு இருமல் இருமினால்கூட, ஊரே கேட்கிற மாதிரி கத்துவாள்:

"பாத்துப் போடி! உனக்கு அழுது முடிச்சாச்சு. எதுனா ஆச்சுன்னா இன்னொரு தபா அழ என்னாண்ட ஸ்டாக் இல்ல!"