ஒரே நாளில் எழுதிய நான்கு மாதம்

அழகான கையெழுத்தால் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியும். பெருமைக்காகச் சொல்லவில்லை; நிறுத்தப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திரவ ரசாயனம் ஏற்றும் கப்பலில் நான் ஜூனியர் அதிகாரியாகச் சேர்ந்த புதிது. சரக்குக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி கடலூர் முதுநகர்க்காரர், என் அக்காவின் கணவர். மற்றவர்கள் முன்னால் ‘சார்’, தனியாக இருந்தால் ‘மாமா’. அவர் கண்ணாகக் காத்தது சரக்குப் பதிவேட்டை. எந்தத் தொட்டியில் என்ன ஏற்றினோம், எங்கே இறக்கினோம், தொட்டி கழுவிய தண்ணீர் எங்கே போனது, எல்லாவற்றையும் வேலை முடிந்த கையோடு அதில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கேப்டனும் கையொப்பமிட வேண்டும்.

மாமாவின் பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் கண்ணீர் வரும். எங்கும் கோடு, டீக்கறை, விதவிதமான பேனா. மறுநாள் துறைமுகத்தில் ஆய்வாளர் வருகிறார். நானோ சிதம்பரத்தில் படித்தவன். கெமிஸ்ட்ரி லேபில் முதலில் ரஃப் நோட்டில் கிறுக்குவோம். பிறகு ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதினால்தான் மார்க். (சோதனை தப்பானாலும் மார்க் உண்டு, மார்ஜின் இல்லாவிட்டால் கிடையாது.) மாமா அசந்துபோகட்டும் என்று புதிய பதிவேடு ஒன்றை எடுத்து, நான்கு மாதப் பதிவுகளையும் ஒரே பகலில் பார்த்து எழுதினேன். பிள்ளையார் சுழி, சிவப்பு மார்ஜின், பிரவுன் அட்டை.

மறுநாள் ஆய்வாளர் பதிவேட்டைக் கேட்டதும், மாமா எழுந்திருப்பதற்குள் நானே புதியதை எடுத்து நீட்டினேன். ஆய்வாளர் புரட்டினார். பிறகு பின்னோக்கிப் புரட்டினார். நான்கு மாதம், ஒரே மை, ஒரு பிழைகூட இல்லை. கேப்டன் கையொப்பமும் இல்லை. இதை எப்போது எழுதினீர்கள் என்று மாமாவைக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “நேத்துதான் சார். ஒரே நாள்ல முடிச்சிட்டேன்.”

மாமா முகத்தில் ரத்தமே இல்லை. “பழைய புக்கு எங்கடா மச்சான்?”

“அது ரஃப் நோட்டுதான மாமா...”

“ரஃபா? அது இல்லன்னா, கழுவுன தண்ணியக் கடல்ல ஊத்திட்டு மறைக்கிறோம்னுதான் நெனைப்பாங்க. என் லைசென்ஸே போயிடும்டா. உங்க அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?”

அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. அறைக்கு ஓடினேன். எழுத்துள்ள காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று அம்மா அடித்து வளர்த்திருந்ததால், பழைய பதிவேடு என் பெட்டியில் லுங்கிகளுக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது.

ஆய்வாளர் மூன்று மணி நேரம் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். கடைசியில் டீக்கறை படிந்ததைத்தான் நம்பினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “டீ குடிச்சியா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று பெண்வீட்டார் கேட்க, மாமா சற்று யோசித்து, “தங்கமான பையன். கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல. என்னா, கையில பேனா மட்டும் குடுத்துராதீங்க” என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் எந்த ஃபாரம் வந்தாலும் மனைவிதான் நிரப்புகிறாள். நான் உதவ வந்தால் பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். மாமா அவளுக்கு அண்ணன் முறை.

“நீங்க சும்மா இருங்க. அண்ணன் ரிட்டயர் ஆவட்டும், அப்புறம் எழுதலாம்.”