பின்வாசல் மாப்பிள்ளை

பதற்றம் வந்துவிட்டால் எம்.எஸ்சி. படித்தவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வித்தியாசம் கிடையாது. படித்தவர் செய்யும் கோமாளித்தனத்துக்குக் கொஞ்சம் உபகரணம் இருக்கும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு சின்ன ஆசிட் பாட்டில் இருந்தது.

நான் ஜியாலஜி படித்தேன். பி.எஸ்சி. முடிகிற வரை அது என்ன படிப்பென்று உத்தமபாளையத்தில் யாருக்கும் விளங்கவில்லை. போர் போட்டால் எங்கே தண்ணீர் வரும் என்று கேட்டார்கள். தெரியாது என்றதும் பாவமாகப் பார்த்தார்கள். மேலே எம்.எஸ்சி.யும் அதையே எடுத்தபோது, "விட்டதப் பிடிக்கப் போறா போல" என்றார் என் மாமா.

கடைசி வருட புராஜெக்டுக்கு வருசநாட்டு மலைப் பாறைகளை எடுத்துக்கொண்டேன். கடமலைக்குண்டைச் சுற்றி அலைந்து, தேங்காய் அளவில் கற்களை உடைத்து, ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எண் எழுதி, சாக்குகளில் கட்டி வீட்டுக் கொல்லையில் வைத்திருந்தேன். எல்லாம் கருங்கல் வகை. ஒன்றே ஒன்று மட்டும் சுண்ணாம்புப் பாறை. என் ஆய்வே அந்த ஒரு கல்லின் மேல்தான் நின்றது. வைவாவுக்கு வரும் வெளியூர்ப் பேராசிரியர் அதைத்தான் முதலில் கேட்பார் என்று சொல்லியிருந்தார்கள். கல் இல்லையென்றால் பட்டமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிக்காஹ், திங்கட்கிழமை எனக்கு வைவா. கல்யாணத்தன்று காலை கல்லை எடுத்து வைக்கக் கொல்லைக்குப் போனால் சாக்குகள் காலி. அத்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். தெருக் கதவிலிருந்து பந்தல் வரை பாதையின் இரண்டு பக்கமும் என் கற்கள், சுண்ணாம்பு அடித்து, வரிசையாக, பளிச்சென்று.

"ஒன் படிப்புக் கல்லு புள்ள. வர்றவுக நாலு பேரு பாக்கட்டுமேன்னு வச்சேன்."

எண் எதுவும் தெரியவில்லை. அத்தா முகத்தைப் பார்த்தேன், திட்ட மனசு வரவில்லை. என் படிப்பை நினைத்து அவர் அவ்வளவு பெருமைப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (செய்யாமல் இருந்திருக்கலாம்). சுண்ணாம்புப் பாறையில் ஆசிட் சொட்டினால் நுரைக்கும், கருங்கல்லில் நுரைக்காது. பாட்டிலை எடுத்துவந்து, பட்டுப்புடவையோடு மண்டியிட்டு முதல் கல்லில் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது! எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிட்டதே என்று துள்ளினேன். சந்தேகத்துக்குப் பக்கத்துக் கல்லிலும் விட்டேன். அதுவும் நுரைத்தது. அடுத்ததும் நுரைத்தது. வருசநாட்டு மலையே சுண்ணாம்புதானோ, உலகம் என்னைக் கொண்டாடப்போகிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாதி வரிசை தாண்டிய பிறகே உறைத்தது. கல் மேல் அடித்திருப்பதே சுண்ணாம்பு. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு ஆசிட் விடு என்பது பி.எஸ்சி. முதல் வருடப் பாடம்.

என்னை நானே முணுமுணுத்துத் திட்டிக்கொண்டு நிமிர்ந்தால், கம்பத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கதவருகே நிற்கிறார்கள். அவர்கள் கண்ட காட்சியை யோசித்துப் பாருங்கள். பெண்ணின் தங்கை வாசலில் மண்டியிட்டு, உதடு அசைய, சின்னக் குப்பியிலிருந்து எதையோ ஊற்றுகிறாள். மாப்பிள்ளை நடந்துவர வேண்டிய பாதையில் கல்லெல்லாம் நுரை தள்ளுகிறது.

"என்னத்தம்மா ஊத்துற?" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

"ஆசிட்" என்றேன். (உண்மை பேசவும் நேரங்காலம் உண்டு.)

அவ்வளவுதான். ஆள் ஆளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ செய்வினை என்றார்கள். இந்தக் கல்லையெல்லாம் ஆற்றில் கொட்டினால்தான் உள்ளே காலெடுத்து வைப்போம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டு இளைஞர்கள் குனிந்து கற்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள். அத்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, "கொட்டாதீகண்ணே, நாளைக்கு எனக்குப் பரிச்ச" என்று ஓவென்று அழுதேன்.

மாப்பிள்ளை முகத்தில் தொங்கிய பூச்சரத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். அன்றுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை.

"எந்தக் கல்லும்மா வேணும்?"

"அதான் தெரியல."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப எல்லாந்தான் வேணும்" என்றவர் திரும்பி, "பெரியம்மா, கல்லு அங்கனயே கெடக்கட்டும். நாம பின்பக்கமாப் போவம்" என்றார்.

அப்படித்தான் என் மச்சான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். கொல்லை வழியாக, வெங்காயத் தோல் குவியலை மிதித்து, பிரியாணி அடுப்புப் புகையில் கண் கசக்கி, துணிக் கொடிக்குக் குனிந்து. பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தார். சாப்பாடு முடிந்ததும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகச் சுரண்டி, சாயங்காலத்துக்குள் என் கல்லைக் கண்டுபிடித்தேன். மறுநாள் தேறியும்விட்டேன்.

சில வருடங்கள் கழித்து எனக்கு நிக்காஹ். திண்டுக்கல்லிலிருந்து வந்த என் மாப்பிள்ளையை மச்சான் வாசலிலேயே கைப்பிடித்து, நேரே கொல்லைக்குத் திருப்பிவிட்டார். "எங்க வீட்டு வழக்கம் தம்பி. நானும் இப்பிடித்தான் வந்தேன்" என்றாராம், சிரிக்காமல். என் கணவரும் மறுபேச்சில்லாமல் வெங்காயத் தோலை மிதித்து வந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு என் நாத்தனார் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போனால், அங்கேயும் மாப்பிள்ளையைப் பின்வாசலுக்கு அழைத்துப் போகிறார்கள். ஏன் என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒங்க ஊருப் பழக்கந்தானம்மா? இத்தன படிச்சிருக்க, இது தெரியாதா?"