மிக்கேல்ராஜ் சும்மா இருந்த நிமிடங்கள்

நேற்று மட்டும் எழுபத்திரண்டு நிமிடம் சும்மா இருந்ததாக மிசின் அச்சடித்துக் கொடுத்த தாளை மிக்கேல்ராஜ் மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தான்.

அது ஆனைக்கரை ஏலக்காய்க் கம்பெனி ஆபீசுக்கு 1979இல் வந்திறங்கிய கம்ப்யூட்டர் மிசின். கிளைகளில் இங்கே மட்டும்தான் உண்டு. எடைச்சீட்டுகளை அதில் தட்டி ஏற்றுவது மிக்கேல்ராஜின் வேலை. கடைசியாக எழுத்துக் கட்டையைத் தட்டி ஐந்து நிமிடம் ஆகிவிட்டால் போதும், அடுத்த தட்டு வரை 'சும்மா' என்று மிசின் ஒரு வரி எழுதிக்கொள்ளும். அந்தப் பட்டியல் வாராவாரம் எர்ணாகுளம் தலைமை ஆபீசுக்குப் போகும்.

மூன்று மாதம் தொடர்ந்து தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்தால் வேலை ரத்து என்று போன வாரம் சர்க்குலர் வந்தது. வேலை போனால் குவார்ட்டர்சும் போகும். மனைவி சிசிலிக்கோ இது எட்டாம் மாதம்.

மனிதன் சும்மாவா இருந்தான்? எடை போடும் வீரபாண்டி ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதுவார். எடைக் கொட்டகைக்கு மேடேறிப் போய்க் கேட்டு வந்தால்தான் சரியாக ஏற்ற முடியும். அப்படிப் போய் வந்தால் சும்மா. கூரையைப் பார்த்துக்கொண்டு கட்டையைத் தட்டினால் உழைப்பு. மிசினின் நியாயம் அது.

சரி, இனிக் கேட்கப் போவதில்லை என்று உத்தேசமாகவே ஏற்றினான். மறுநாள் காலையில் ஏலக்காய் பறிக்கும் அழகுமலை வந்து நின்றார்.

"ஏழு கிலோ எடுத்தவனுக்கு ஒரு கிலோன்னு போட்டுருக்கீரே, நல்லாருக்காவே?"

பஞ்சாயத்து நாற்பது நிமிடம் நடந்தது. மிசின் அதையும் எழுதிக்கொண்டது.

டீ போடும் செபமாலையம்மாள்தான் கைகொடுத்தாள். "நீங்க கொட்டகைக்குப் போயிட்டு வாங்க தம்பி. நான் ஒக்காந்து தட்டுதேன்."

"எதையும் எழுதாத இந்த நீளக் கட்டையை மட்டும் தட்டணும் அக்கா. மறந்துறக் கூடாது."

"ஜெபமால உருட்டுதப்ப ஒவ்வொரு மணிக்கும் ஒரு தட்டு. மறக்குமா?"

அவள் மறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூட மறக்கவில்லை. அன்றைய சும்மா நேரம் சைபர். மிக்கேல்ராஜுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

ஆனால் அன்றே பதினொரு மணிக்கு மேனேஜர் கத்தினார். "டீ எங்கய்யா?"

செபமாலை பாதியில் நின்றால் தட்டும் நிற்கும். ஆகவே மிக்கேல்ராஜே அடுப்பைப் பற்றவைத்தான். அதிலிருந்து அவன் டீ போட்டான், டம்ளர் கழுவினான், கொட்டகைக்கு மூச்சிரைக்க ஓடினான். நாற்காலியில் செபமாலை. மேனேஜருக்கு அவன் டீ பிடித்துப்போனதால் பதினொன்றோடு மூன்றும் நாலரையும் சேர்ந்துகொண்டன. இரவில் கால் வலித்தது. ஆனாலும் ஒரு மாதம் முழுக்கச் சைபர்.

அப்போதுதான் தந்தி வந்தது. "சும்மா நேரம் பற்றிப் பேச வருகிறேன். காளிச்சாமி, தலைமை ஆபீஸ்."

"சாப்பாட்டு நேரத்துலயும் சைபர்னா யாருதான் நம்புவா?" என்று சிசிலி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை கடைசி பஸ்ஸில் ஒல்லியாக ஒருவர் இறங்கினார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றவர் கையில் அல்வாப் பொட்டலம். மிக்கேல்ராஜ் கும்பிட்டான். அவர் அதைவிடக் குனிந்து கும்பிட்டார்.

"நாந்தானுங்க காளிச்சாமி. சித்தூர்ப் பக்கமுங்க. எட்டு மாசமா எங்க ஊட்ல அடுப்பு எரியறது உங்க புண்ணியத்துலதானுங்க."

"சார், எல்லாத்தையும் ஒத்துக்கிடுதேன். அந்தக் கட்டையத் தட்டுனது..."

"யாரு தட்டுனா என்னங்க? உங்க பட்டியல ஒவ்வொரு வரியாத் தலைமை ஆபீஸ் மிசின்ல ஏத்தறதுதானுங்க என் வேலையே. வேற வேலை கிடையாதுங்க. இந்த மாசம் நீங்க ஒரு வரிகூட அனுப்பலீங்க."

அவர் கண் கலங்கியது. மிக்கேல்ராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சர்க்குலர் எனக்கும்தானுங்களே! இப்ப என் மிசின்ல நாந்தானுங்க நாள் பூராச் சும்மா இருக்கறேன்; தயவு பண்ணித் தினம் அம்பது நிமிஷம், வரி நெறைய வர்றாப்பல ஆறாறு நிமிஷமாப் பிரிச்சு, எனக்காகக் கொஞ்சம் சும்மா இருங்க!"