ரேடியோ வேலை பார்த்த அத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரியும், பிள்ளைகளும், சில வாரங்களாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்காவை நான் விசாரித்ததாக அவளிடம் சொல்ல வேண்டாம். விசாரிக்கவில்லை என்றும் சொல்லிவிடாதே. கடிதம் வந்தது என்று பொதுவாகச் சொல்லி, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேசை மேல் வைத்துவிட்டு நீ குளிக்கப் போய்விடு.

போனில் சொல்லலாமே என்பாய். உனக்குப் போன் செய்தால் பின்னாலிருந்து "யாரு?" என்று ஒரு குரல் கேட்கிறது. நீ "அத்தான்" என்கிறாய். அதோடு அந்தக் குரல் நின்றுவிடுகிறது. அப்புறம் நீயும் நானும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

இது புகார்க் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கமான ஆட்கள், அண்ணன் தம்பி, கை சுத்தம், வேலை சுத்தம் என்று சொல்லி இரண்டு பெயின்டர்களை என் தலையில் கட்டினாயே, அவர்களைப் பற்றியது. சுவர் உரிந்து போனதால்தான் பெயின்ட் அடிக்கிறேன். உன் அக்கா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதற்காகவோ, அடித்தால் திரும்பி வருவாள் என்பதற்காகவோ இல்லை. ஹாலுக்கு மஞ்சள், படுக்கையறைக்கு நீலம் என்று அவள் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான்.

நடந்த சண்டை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது அவள் சொன்ன கதை. என் பக்கத்தையும் கேள். வேலை பார்த்த காலமெல்லாம் நூலகத்தில் இருந்தவன் நான். ஒருவர் இருமினால்கூட நிமிர்ந்து பார்ப்பேன், அவர் இருமலை விழுங்கிக்கொள்வார். ஓய்வு பெற்றபோது எல்லோரும் சால்வையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் "அமைதி காக்கவும்" என்ற பலகையைக் கேட்டு வாங்கி வந்து ஹாலில் மாட்டினேன். அந்தப் பலகைக்கு நேர் எதிரே சமையலறை. சமையலறை அலமாரியில் உன் அக்காவின் ரேடியோ. காலையில் காபியோடு தொடங்கினால் ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிறவரை ஓயாது. அது பாடும், இவள் கூடப் பாடுவாள், விளம்பரம் வந்தால் அதையும் விடாமல் பாடுவாள். நான் என்ன செய்தேன்? மரியாதையாகப் போய் நிறுத்தினேன். அவள் போட்டாள். நான் நிறுத்தினேன். கடைசியில் ரேடியோவின் பாதுகாப்பை உத்தேசித்து அதைப் பழைய செருப்புகள் இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றினேன். இது ஒரு குற்றமா? அதற்கு அவள் சொன்னது என்ன தெரியுமா?

"இந்த வீட்ல சத்தம் போடறது ரெண்டு பேர். ஒண்ணு ரேடியோ, இன்னொண்ணு நான். அதைப் பரண்ல ஏத்திட்டீங்க. பரண்ல ஏற எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

போய்விட்டாள். நானும் நிம்மதியாக இருந்தேன். மிகவும் நிம்மதியாக. குழாய் சொட்டுவது கேட்கும் அளவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் நீ பெயின்டர்களை அனுப்பினாய்.

முதல் நாள் காலையில் வந்தார்கள். அண்ணன்காரன் குட்டை, மீசை பெரிது. தம்பிக்காரன் நெட்டை, மீசை இல்லை. ஏணி வந்தது, வாளி வந்தது, கடைசியாக, பெயின்ட் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து எந்த நிறம் என்றே சொல்ல முடியாத ஒரு ரேடியோ வந்தது. அதை ஜன்னலில் வைத்துத் திருகியதும் என் வீடு கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. ஒரு பாட்டில் ஒருத்தி தன்னை விட்டுப் போனவனை நினைத்து அழுகிறாள். அடுத்த பாட்டில் ஒருவன், வா வா என்று வாசலில் நின்று கூப்பிடுகிறான். நடுவில் பல்பொடி விளம்பரம். நான் பலகையைச் சுட்டிக் காட்டினேன். தம்பிக்காரன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா வந்திருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான்.

சரி, கொஞ்சம் குறைத்தாவது வைப்போம் என்று ரேடியோ சத்தத்தைக் குறைத்தேன். உடனே ஏணியில் இருந்த தம்பி இறங்கி வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். அண்ணனும் உட்கார்ந்தான். என்னப்பா என்றேன். "டீங்கய்யா" என்றான். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏறினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், தலைவலி தாங்கவில்லை, போய் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை, நீ நம்ப மாட்டாய், இரண்டு பேரும் பிரஷ்ஷைக் கழுவி, கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது மதியம்கூட ஆகவில்லை.

மறுநாள் அண்ணன்காரனைத் தனியாகப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நீ என்னிடம் சொல்லாமல் மறைத்த விஷயம். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது! சேர்ந்து வருகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரே ஏணியில் ஏறி இறங்குகிறார்கள், பேசுவது மட்டும் இல்லை. எல்லாம் ரேடியோ வழியாகத்தான். சத்தத்தைக் கூட்டினால் "இங்கே வா, ஒரு கை கொடு" என்று அர்த்தம். குறைத்தால் டீ. நிறுத்தினால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

"என்னப்பா சண்டை?" என்றேன்.

"காரணம் மறந்து போச்சுங்கய்யா. ஆனா தப்பு அவன் மேலதான்."

தம்பியிடம் போய்க் கேட்டேன். அவனுக்கும் காரணம் மறந்துவிட்டது. ஆனால் தப்பு யார் மேல் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "இதெல்லாம் என் வீட்டில் நடக்காது. ரேடியோ நாளையிலிருந்து வரக்கூடாது. ஆண்டவன் வாய் எதற்குக் கொடுத்திருக்கிறான்? பேசி வேலை பாருங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் ரேடியோ வரவில்லை. வீடு நூலகம் மாதிரி ஆகிவிட்டது. ஆகா என்று நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். முதல் பக்கம் படித்து முடிக்கவில்லை.

"ஐயா, அவனை ஏணியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

தம்பி ஏணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். எட்டினால் அண்ணனின் காலைக் கிள்ளலாம், அவ்வளவு பக்கம். "அவன்தான் பக்கத்திலேயே நிக்கிறானே, நீயே சொல்லேன்ப்பா" என்றேன். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல், "தம்பி, ஏணியைப் பிடிச்சுக்கப்பா" என்றேன்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு அவருகிட்ட சொல்லுங்கய்யா."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கானாம்."

"ஆட்டாம பிடிக்கச் சொல்லுங்க."

இப்படியே பொழுது முழுக்க, மாப்பிள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடந்து நடந்து எனக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. ரேடியோவைத் துரத்திய நான் இந்த வீட்டின் ரேடியோவாகவே வேலை பார்த்தேன். அதுவும் ரேடியோவாவது நடுநடுவே பாடும், இளைப்பாறும். நான் செய்தி மட்டும் வாசித்தேன். போதாக்குறைக்கு, நான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் கோபம் வருகிறது. "கொஞ்சம் தண்ணி ஊத்து" என்பதை நான் மரியாதையாக "கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாமே" என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். "எங்க அண்ணன் அப்படியெல்லாம் பேச மாட்டாரே, நெஜமா என்ன சொன்னாருன்னு சொல்லுங்க" என்று தம்பி என்னைச் சந்தேகப்பட்டான். ஒரு மனுஷன் தன் கூடப்பிறந்தவனோடு பேசாமல் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, அவன் மூலமாக அதைச் சொல்லு, இதைச் சொல்லாதே என்று உயிரை வாங்குவது எவ்வளவு கேவலம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதை நீ உன் அக்காவிடம் சொல்லு. இல்லை, வேண்டாம், சொல்லாதே.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். அன்று மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகியது. அண்ணன்காரன் ஏதோ சொல்ல, நானும் "ம்" என்றேன். என்ன சொன்னான் என்று சத்தியமாக என் காதில் விழவில்லை. "ஹாலுக்கு மஞ்சள் என்று அவனிடம் சொல்லுங்கள்" என்று சொன்னானாம். அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்து பார்க்கிறேன். ஹாலின் நீளச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அண்ணன் மஞ்சள் அடித்துக்கொண்டு வருகிறான். அந்தக் கோடியிலிருந்து தம்பி, சேதி எட்டாததால், படுக்கையறைக்கு வைத்திருந்த நீலத்தை அடித்துக்கொண்டு வருகிறான். பாதிச் சுவரில் இரண்டு பேரும் சந்தித்து, தோளோடு தோள் இடிக்காமல் ஒதுங்கி, அவரவர் எல்லையில் கோடு பிசகாமல் முடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

"அடப்பாவிகளா! அவன் நீலம் அடிக்கிறானே, நீ பார்க்கலையா?" என்று அண்ணனிடம் கத்தினேன்.

"ஆரம்பத்துலேருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேங்கய்யா."

"பார்த்துட்டு?"

"நான் எப்படி அவன்கிட்ட சொல்றது? நீங்க தூங்கிட்டீங்களே."

தம்பி பக்கம் திரும்பினேன். வாயைத் திறக்கும் முன்னே அவன், "அவரு மஞ்சள் அடிக்கிறது தப்புன்னு எனக்கும் தெரியும்யா. ஐயா எழுந்திரிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். நான் நூலகத்திலும் சரி, வீட்டிலும் சரி, என் வாழ்நாளில் போடாத சத்தத்தை அன்றைக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து, "என்னங்க, அவங்க வந்துட்டாங்களா? சண்டைச் சத்தம் கேக்குதே" என்று விசாரித்தார்கள். இல்லை என்று சொன்னேன். அது சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது, கவலைப்படாதே. ஹால் முழுவதும் மஞ்சள் அடித்தாகிவிட்டது. ஆனால் இதைக் கேள்: அண்ணன்காரன் பரணைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஏறி, செருப்புப் பெட்டியைக் குடைந்து, உன் அக்காவின் ரேடியோவை எடுத்துவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சமையலறை அலமாரியில் வைத்துப் பாடவிட்டுவிட்டான். நான் எவ்வளவோ தடுத்தேன். அன்றிலிருந்து ஓயாமல் பாடுகிறது. வேலையும் பறக்கிறது. அது வேறு விஷயம். இன்னொருவர் வீட்டுப் பொருளைத் தொடுவது என்ன பழக்கம் என்று நீ அவர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். என் பலகையையும் காணவில்லை. அதையும் அவர்கள்தான் எடுத்திருக்க வேண்டும். விசாரித்து மீட்டுத் தர வேண்டியது உன் பொறுப்பு.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் அக்கா அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டிய தேவை எதுவும் இல்லை. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உடம்புக்கு ஒன்றும் வராமல், பெரியவர்களுக்கு அடங்கி, ஆனால் பேச வேண்டியதை வாய்விட்டுப் பேசுகிறவர்களாக வளர என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பி.கு.: மாப்பிள்ளை, நீ இதோடு படிப்பதை நிறுத்திவிட்டுக் காகிதத்தை உன் அக்கா கையில் கொடு. இனிமேல் எழுதுவது உனக்கில்லை.

இந்தா, நான்தான். மேலே எழுதினதுல கொஞ்சம் பொய் இருக்கு. பெயின்டர் பாவம் பரண் பக்கமே போகலை. நான்தான் ஏறினேன். ரேடியோவை நான்தான் இறக்கித் துடைச்சேன், நீ வைக்கிற மாதிரியே ஜன்னல் பக்கமா திருப்பி வச்சேன், இல்லேன்னா கரகரங்குது. பலகையையும் அவங்க எடுக்கலை. அது இப்ப செருப்புப் பெட்டிக்குள்ள இருக்கு. ஹால் முழுசும் மஞ்சள்னு எழுதினதும் பொய். இன்னும் பாதி மஞ்சள், பாதி நீலமாத்தான் நிக்குது. நீ வந்து நேர்ல பார்த்துச் சொல்றவரைக்கும் அந்தச் சுவரைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். சாப்பிடறதும் பொய், ரெண்டு வேளை ரொட்டிதான். உன் குரல் இல்லாம இந்த வீட்ல எனக்கு இருக்க முடியலை. இது மட்டும் பொய் இல்லை.

பக்கத்து அறையில் அண்ணனும் தம்பியும் ஒரே பாட்டை ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பேசவில்லை, பாடுகிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். நான் இப்போது எழுந்துபோய் உன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைக்கப் போகிறேன். கூட்டினால் என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன், தேடிப் பார்.