தீவுக்குக் கேட்ட தொண்டை

"தொண்டை அடியோடு கட்டிவிட்டது. ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. இன்று விடுப்பு வேண்டும்."

மேலாளருக்கு இப்படி ஒரு செய்தியைத் தட்டிவிட்டு, பேருந்து நிலைய அறிவிப்பாளர் மாடி அறைக்கு ஓடினார். கதவைச் சாத்தினார், மைக்கைப் பிடித்தார், தெருவே அதிரும்படி கத்தத் தொடங்கினார்.

மனுஷனுக்கு அமெச்சூர் வானொலிப் பைத்தியம். கூரைமேல் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு உலகத்தின் எல்லா மூலையோடும் பேசிவிட்டார். பாக்கி ஒரே ஒரு தீவு. பறவைகளைத் தவிர அங்கே யாரும் கிடையாது. எப்போதாவது சில ஆர்வலர்கள் படகில் போய் இறங்கி, சில நாள் பேசிவிட்டுத் திரும்புவார்கள். போன தடவை அந்தத் தீவு பேசிய அன்றைக்கு இவருக்குக் கல்யாணம். அதை மனைவியிடம் சொல்லிக் காட்டாத வருஷமே இல்லை.

இந்தத் தடவை போனவர்களின் படகு இன்று மாலை தீவை விட்டுக் கிளம்பிவிடும். போன மாதமே மேலாளரிடம் போய், வார ஓய்வை இந்த நாளுக்கு மாற்றித் தரும்படி கெஞ்சினார். "பார்க்கலாம்" என்றார் மேலாளர். இத்தனை வருஷ சர்வீஸில் 'பார்க்கலாம்' என்றால் என்னவென்று அறிவிப்பாளருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலாளர் அறைப் பக்கமோ அறிவிப்புப் பலகைப் பக்கமோ தலைவைத்துப் படுக்கவில்லை. தொண்டையும் கட்டிக்கொண்டது.

திடீரென்று தீவு, வானொலி ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள பெயர்க்குறியைச் சொல்லி அவரை அழைத்தது. அறிவிப்பாளர் துள்ளினார். டீ கொண்டு வந்த மனைவியை டம்ளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"கெடச்சிடுச்சு! தீவு கெடச்சிடுச்சு!"

"மெதுவாங்க! தொண்டை கட்டின ஆளு கத்துறது உங்க ஆபீஸ் வரைக்கும் கேட்டுடப் போகுது."

"அங்கல்லாம் எப்படிக் கேக்கும்?" என்று சிரித்தபடி கணினிப் பக்கம் திரும்பினார்.

யார் யாரை எங்கிருந்து கேட்கிறார்கள் என்று உலகத்து ஆர்வலர்கள் உடனுக்குடன் எழுதிப் போடும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. இவருடைய குறி, பேசிய நேரம், அதற்குப் பக்கத்திலேயே கடல் தாண்டியிருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த சான்றிதழ்: "என்ன குரல்! வெண்கல மணி! என் காதே அடைத்துவிட்டது."

அறிவிப்பாளரின் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ, மேலாளர் பார்த்திருப்பாரே!"

"அவர் எதுக்குங்க இதையெல்லாம் பாக்கப் போறாரு?"

"நான்தான் அவர் போனைப் புடுங்கி இந்தப் பக்கத்தை வெச்சுக் குடுத்தேன். என் குறி இதுல வந்தா உங்க போன்ல மணி அடிக்கும் சார், நான் எந்த நாட்டோட பேசுறேன்னு நீங்களும் பார்த்து ரசிக்கலாம்னு சொன்னேன்."

"அவர் கேட்டாரா?"

"கேக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, கைப்பேசி அலறியது. மேலாளர்தான். பேச்சே வராதவர் எப்படி எடுப்பது?

"நீ எடேன்."

"பொய் சொன்னது நீங்க. நான் எடுத்து என்னத்தைச் சொல்ல?"

மணி அடித்து ஓய்ந்தது. அறிவிப்பாளருக்கு ஒரு யோசனை உதித்தது. அதே இணையப் பக்கத்தில் பரபரவென்று எழுதினார்: "எச்சரிக்கை! பேசியது நான் அல்ல. என் குறியைத் திருடி எவனோ பேசுகிறான்."

"யாருங்க அவன்?" என்றாள் மனைவி.

"எவனோ ஒருத்தன்."

"பாவம், அவன் தொண்டையாவது நல்லா இருக்கட்டும்."

அந்த உலகத்தில் அடுத்தவர் குறியைத் திருடுவது மகாபாதகம். ஆர்வலர்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். "திருடனைப் பிடியுங்கள்!" "இந்தக் குறியில் எவன் பேசினாலும் நம்பாதீர்கள்!" வரிக்கு வரி இவர் குறிதான். மேலாளரின் போன் கோயில் மணியாக அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கேற்றாற்போல் மேலாளர் மறுபடியும் அழைத்தார். மறுபடியும் இவர் எடுக்கவில்லை.

பிறகுதான் தீவிலிருந்து அந்த வரி வந்தது: "திருடன் பேசியதை எங்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டோம். தங்களுக்கு எங்கள் அனுதாபங்கள்."

தீவின் பதிவில் குறி இல்லாவிட்டால் பேசியது கணக்கிலேயே வராது. அறிவிப்பாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தீவை நானே வாரிக் குடுத்துட்டேனே!"

மனைவிக்கே பரிதாபமாகப் போயிற்று. "இன்னும் பொழுது இருக்கே. திரும்பக் கூப்பிடுங்க."

"இதே குரல்ல கூப்பிட்டாத் திருடன்னு சொல்லுவாங்களேடி!"

"அப்ப வேற குரல்ல கூப்பிடுங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு, பூனை கத்துகிற குரலில் மைக்கில் மன்றாடினார். இணையப் பக்கம் பொங்கியது: "திருடன் மறுபடியும் வந்துவிட்டான்! இப்போது குரலை மாற்றிக்கொண்டு!"

இவர் சேர்ந்திருக்கும் ஊர் வானொலிச் சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். அதைப் பார்த்ததும், நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு, அலை வரும் திசையைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தெருத் தெருவாகத் திரும்பிய கருவி, கடைசியில் ஒரு வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, சத்தம் போடாதீங்க," என்று கதவைத் திறந்த அறிவிப்பாளரிடம் கிசுகிசுத்தார் டாக்டர். "திருடன் உங்க வீட்டு மாடியிலேயே இருக்கான்!"

அவருக்குப் பின்னால், மூச்சு வாங்க மேலாளர் வந்துகொண்டிருந்தார். கையில் தொண்டை மாத்திரை.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் தீவு போகும். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் மேலாளரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அப்புறம் பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடைக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தார்.

"நான்தான்! காலையில பேசினதும் நான்தான், மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேசினதும் நான்தான்! என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்ல சார். வேலைய விட்டுத் தூக்கினாலும் தூக்குங்க. டாக்டர், என் தீவை மட்டும் எனக்கு வாங்கிக் குடுத்துடுங்க!"

டாக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போய்க் கணினியில் உட்கார்ந்தார். சங்கத் தலைவரே சாட்சி சொன்னதால் தீவு இறங்கி வந்தது. படகில் சாமான் ஏற்றியபடியே பதில் போட்டார்கள்: "வெண்கல மணியைப் பதிவில் திரும்பச் சேர்த்துவிட்டோம்."

அறிவிப்பாளர் குழந்தைபோல் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் கைகட்டி நின்றார்.

"உங்க போன் எத்தனை தடவை அடிச்சுதோ, மன்னிச்சுடுங்க சார்."

"எது, அந்த மணியா? அந்தத் தொல்லைய அன்னிக்கே அழிச்சிட்டேனே."

"அப்ப காலையிலேருந்து எதுக்கு சார் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க?"

மேலாளர் மாத்திரையை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேட்ட மாதிரியே வார ஓய்வை இன்னிக்கு மாத்திப் போட்டு, பலகையில ஒட்டி ஒரு மாசம் ஆச்சு, ஓய்வு நாள்ல எதுக்குய்யா லீவு கேக்குறீங்கன்னு கேக்கத்தான்."