நான் வரைந்த குறுக்குவழி

இனி இந்த ஜென்மத்தில் பாத்திரம் கழுவுவதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது, என் இரண்டு கையிலும் முழங்கைவரை சோப்பு நுரை.

எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. நானும் மனைவியும் வேலை பார்ப்பது ஒரே வட்டாரத்தில். காலையில் அவள் முன்னதாகப் போய்விடுவதால் ஆளுக்கொரு கார். மாலை ஆறுக்கு இருவரும் கிளம்புவோம். யார் பிந்தி வருகிறார்களோ அவர்களுக்குப் பாத்திரம். மெயின் ரோட்டில் நான் நிற்கிற வரிசை மட்டும் நகராது. மாறினால், விட்டு வந்த வரிசை பறக்கும். ஆகவே தினமும் நானே.

சபதம் எடுத்த மறுநாள், சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து கண்ணில் பட்டது. பதினெட்டு நிமிடம் மிச்சம்! மூன்று நாள் தொடர்ந்து சோபாவில் கால்மேல் கால் போட்டு அவளை வரவேற்றேன்.

“எப்படிங்க? பறந்து வர்றீங்களா?”

“அதுக்கெல்லாம் மூளை வேணும்.”

“இருக்குன்னு இப்பத்தானே தெரியுது! எனக்கும் வரைஞ்சு காட்டுங்களேன்.”

பதினோரு வருடத்தில் என் மூளைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. உச்சி குளிர்ந்தது. சந்தில் முந்த இடமில்லை, என் ஆபீஸ்தான் அதற்குப் பக்கம். எப்படியும் எனக்குப் பின்னால்தான் வருவாள். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அம்புக்குறியெல்லாம் போட்டு வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் சந்துக்குள் நுழைந்தால், முன்னால் முப்பது கார். திரும்புவதற்குள் பின்னாலும் முப்பது. முன் காரிலிருந்து எங்கள் மாடிவீட்டுப் பல் டாக்டர் இறங்கி வந்தார்.

“சார், அருமையான வழி கண்டுபிடிச்சிருக்கீங்க!”

“யாரு சொன்னா?”

“உங்க மிஸஸ்தான். பில்டிங் குரூப்ல படமே போட்டுட்டாங்க. நான் என் பேஷண்ட் எல்லாருக்கும் அனுப்பிட்டேன்!”

அவர் போனில் என் கையெழுத்து. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் வாட்ச்சைப் பார்த்தேன்.

வீட்டில் அவள் சோபாவில், கால்மேல் கால்.

“நீ சந்துல வரலையா?”

“அங்கதான் ஊரே நிக்குதே! மெயின் ரோடு காலிங்க.”

வாணலியைத் தேய்த்தபடி முடிவெடுத்தேன். நாளை நானும் மெயின் ரோடு. யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

விடவில்லை. ஆனால் மறுநாள் மெயின் ரோட்டில் எறும்பு நுழைய இடமில்லை. பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. அதே பல் டாக்டர்.

“இந்த வழி காலியா இருக்குன்னும் உங்க மிஸஸ்தான் சார் போட்டிருந்தாங்க!”

ஏழே முக்காலுக்கு வீடு வந்தேன். சோபாவில் கால்மேல் கால்.

“நீ எந்த வழியா வந்தே?”

“உங்க சந்துலதாங்க. ஈ காக்கா இல்ல. படம் எவ்வளவு தெளிவா வரைஞ்சிருக்கீங்க!”