கிளைவ் வாங்கிய கோப்பையும் நம் வீட்டு பீன்ஸும்

நெதர்கூம், சாமர்செட்
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் டெஸ்மண்ட் அவர்களுக்கு,

மால்கம் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை க்ளெனிஸும் நலம். நாய் பிஸ்கட்டும் நலம்தான், ஆனால் அதோடு நான் பேசுவதில்லை. காரணம் கீழே வரும். கடற்காற்று உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன்.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊர்க் கண்காட்சியில் நீளமான பீன்ஸுக்குத் தரும் கோப்பை போய்விட்டது. அதுவும் கிளைவுக்கு.

நீங்கள் தோட்டத்தை விட்டுவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனபோது, வருடா வருடம் ஜெயித்த உங்கள் ரன்னர் பீன்ஸ் கொடியின் விதையை என் கையில் கொடுத்து, "எவன் வேணா ஜெயிக்கட்டும், அந்தக் கிளைவ் மட்டும் ஜெயிக்கக் கூடாது" என்றீர்கள். நான் மறக்கவில்லை. குளிர்காலத்திலேயே பள்ளம் தோண்டி, பழைய செய்தித்தாளும் காய்கறித் தோலும் போட்டு மூடினேன். மூங்கில் குச்சிகளைக் கூம்பாகக் கட்டினேன், காற்று சாய்த்தது, மறுபடி கட்டினேன். நத்தைகள் வந்தன. நத்தையைப் பிடிக்கத் தட்டில் பீர் ஊற்றி வைத்தால், அதைப் பிஸ்கட் குடித்துவிட்டுக் கொடிக்கடியில் படுத்துக் குறட்டை விடுகிறது, நத்தைகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் செடியைத் தின்கின்றன. ஜூலை வெயிலில் பூவெல்லாம் கொட்டியது. சாயங்காலம் சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று.

அப்புறம் மழை வந்தது. காய்க்க ஆரம்பித்தது பாருங்க, நிறுத்தவே இல்லை. பறிக்காமல் விட்டால் கொடி காய்ப்பதை நிறுத்திவிடும், பறித்தாலோ இன்னும் காய்க்கும், என்னதான் செய்யறது? வறுத்த இறைச்சியோடு பீன்ஸ், முட்டையோடு பீன்ஸ், ஊறுகாயில் பீன்ஸ், ஃப்ரீஸரில் ஐஸ்கிரீமுக்கு இடமில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோர் தோட்டத்திலும் இதே கதை என்பதால் ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் பையோடு தெருவில் நடந்தாலே ஜன்னல் திரை மூடுகிறது. அதனால் க்ளெனிஸ் அதிகாலையில் எழுந்து, யார் கண்ணிலும் படாமல் வாசலுக்கு ஒரு பையாக வைத்துவிட்டு வருவாள். போன வாரம் ஆராதனை முடிந்ததும் பாதிரியாரே சொன்னார்: "வாசல்ல பீன்ஸ் வெச்சிட்டுப் போறவங்க அன்பு புரியுது. போதும்." சபையே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

இந்தக் குப்பையிலும் இரண்டு காய் தனியாகத் தெரிந்தன. ஒன்று என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், நூல் பிடித்த மாதிரி நேர். இன்னொன்று ஒரு கட்டைவிரல் அளவு குறைவு. கண்காட்சிக்கு முந்தின நாள் இரண்டையும் பறித்து, வளையாமல் இருக்க தனித்தனி ஈரத்துணியில் சுற்றிப் பலகைமேல் வைத்தேன். காலையில் பார்த்தால் சின்னது இருக்கிறது, பெரியதைக் காணோம், துணியையும் காணோம். கீழே பிஸ்கட் வாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

சின்னதைக் கொண்டுபோய் வைத்தேன். நடுவர் நாடாவால் அளந்தார். கிளைவின் காய் முதல், நம்முடையது இரண்டாவது. இத்தனைக்கும் கிளைவ் கொடியில் கோடை முழுக்க அசுவினிப் பூச்சி. எப்படிக் காய்க்க வைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. கை கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலைக்கனம்.

மச்சான், நான் தோற்றுவிட்டேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருக்கிறது. அந்த இடத்தைக் கொத்திப் புல் போடப்போகிறேன். மிச்ச விதையை இத்துடன் வைத்திருக்கிறேன்; தகுதியுள்ள யாருக்காவது கொடுங்கள். நீங்கள் நல்ல உடம்போடு நீடு வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் அன்புள்ள,
மால்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் க்ளெனிஸ் இதைப் படித்துவிட்டாள். நாய் வரும் இடத்தில் நிறுத்தி, "ஏங்க, அந்தத் துணிய நான்தான் எடுத்தேன். சர்ச் ஹால்ல டீக் கோப்பை துடைக்கத் துணி பத்தலன்னு சொன்னாங்க. உள்ள ஒரு பீன்ஸ் இருந்துச்சு, பையில போட்டுப் பாதிரியார் வாசல்ல வெச்சேன்" என்றாள்.

பாதிரியாரைக் கேட்டேன். வேண்டாமென்று அன்று காலையே தபாலாபீஸ் அம்மாள் வாசலில் வைத்தாராம். அந்த அம்மாள் உடனே கிளைவ் வாசலில் வைத்தாளாம். கிளைவ் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கோப்பையை எடுத்து வந்தான்.

"என் கொடியில ஒண்ணுமே தேறலப்பா. வாசல்ல கெடந்துச்சு. முப்பது வருஷமா ரெண்டாவது. ஒரு தடவ மொதல்ல நின்னு பாக்கணும்னு இருந்துச்சு. எடுத்துட்டுப் போ."

எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அதோடு, கோப்பையை வாங்கினால் அந்தப் பை எங்களுடையது என்று ஊருக்கே சொல்ல வேண்டும். க்ளெனிஸ் சர்ச்சுக்குப் போக முடியாது. அதனால் ஒரு உடன்படிக்கை செய்தோம். கோப்பை அவனிடமே இருக்கும். பதிலுக்கு, உறைபனி விழும்வரை தினமும் எங்கள் பீன்ஸை அவன் கையாலேயே வாங்கி, நன்றியும் சொல்ல வேண்டும்.

கோபப்படாதீர்கள். முதல் பரிசும் இரண்டாம் பரிசும் உங்கள் விதைதான். விதையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். பிஸ்கட்டிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு சாஸேஜ் கொடுத்தேன்.

கிளைவ் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடிதத்தோடு வரும் பெட்டியில் இருப்பது நேற்றைய ஞாயிற்றுக்கிழமைப் பங்கு.